பாவனையில் இல்லாத இலக்கம்

நாவற்குடா,
12.09.2010

அன்பு மகள் அஜந்தாவுக்கு அம்மா எழுதுவது,

நீயும் மருமகன் ஜெயந்தனும் பேத்தி தனுஷியாவும் அந்தக் குளிர் தேசத்தில் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டுமென்று மாமாங்கேசுவரரை வேண்டிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிர உடம்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மனதைப் பற்றி இந்த வரியில் கேட்காதே, கடிதம் முழுக்க அதுதான் வரப்போகிறது. பேத்தியின் படம் கிடைத்தது, முன்பல் விழுந்த வாயோடு சிரிக்கிறாள், அப்படியே உன் தம்பியின் சிரிப்பு. நீ அனுப்பிய குடையும் கிடைத்தது. பெட்டியில் ஐரோப்பா என்று போட்டிருக்கிறது, கம்பியில் சீனா என்று போட்டிருக்கிறது, வாவிக்கரைக் காற்றில் ஒரு தரம் விரித்தேன், மேல்பக்கமாக மடிந்துகொண்டு தாமரைப்பூ மாதிரி நின்றது. நீ குறை நினைக்காதே, உன்னைச் சொல்லவில்லை, உலகம் முழுக்க இப்போது அப்படித்தான். சுனாமிக்குப் பிறகு நமக்குக் கட்டித் தந்த வீட்டைத்தான் பாரேன், கதவு பலகைப் பெட்டி உடைத்த மரம், பைப்பின் கைப்பிடி திறக்கும்போது கையோடு வருகிறது, சுவரில் ஆணி அடித்தால் சுவரே உதிர்கிறது. கட்டியவர்கள் திறப்புவிழாவுக்கு வந்து படம் எடுத்துக்கொண்டு போனவர்கள்தான், பிறகு யாரிடம் போய்ச் சொல்வது?

சீதேவி வீட்டுப் போனுக்கு எடுத்து, அம்மா ஏன் கதைக்க வருவதில்லை, என்மேல் கோபமா என்று கேட்டாயாம். கோபம் இல்லை மகள். அடுத்த வீட்டில் நின்றுகொண்டு இந்தக் கதையைச் சொன்னால் நான் அழுதுவிடுவேன், சீதேவியும் அழுவாள், உனக்கு அங்கே காசுதான் ஓடும், கதை விளங்காது. அதனால்தான் எழுதுகிறேன். வேலைக்குப் போகிற அவசரத்தில் வாசிக்காதே, இருந்து முழுவதும் வாசி.

போன கடிதத்தில் நீ மிகவும் பக்குவமாக எழுதியிருந்தாய். சண்டை முடிந்து வருஷம் தாண்டிவிட்டது, தம்பி நிலோஜன் பெயர் எந்த முகாமிலும் இல்லை, தடுப்புக் காவலில் இருப்பவர்களின் பெயர்களிலும் இல்லை, அரசாங்கக் கச்சேரியில் மரணச் சான்றிதழ் கொடுக்கிறார்களாம், எடுத்துவிடுங்கள், ஐயரைக் கூப்பிட்டுச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள், உங்கள் மனதும் ஆறும் என்று. நீ நல்லதற்குத்தான் எழுதினாய். ஆனால் ஒன்றை யோசித்துப் பார். உன் அப்பாவைக் கடல் எடுத்தது, எடுத்ததைத் திருப்பியும் தந்தது. சேறும் மணலுமாகக் கிடந்த மனுசனை இந்தக் கையால் கழுவினேன். அழுதேன், அடக்கம் செய்தோம், அது முடிந்த காரியம். இவனுடையது முடிந்த காரியமா? வவுனியாவுக்கு மேசன் வேலைக்கென்று போன பிள்ளை, சண்டை முடிந்த வருஷம் பொங்கல் கழிந்து ஏதோ ஒரு கடைப் போனிலிருந்து எடுத்து, "அம்மா, கொஞ்ச நாளைக்கு எடுக்க ஏலாமப் போகும், பயப்பிடாதங்க, நம்பர மட்டும் மாத்திராதங்க" என்று சொன்னான். பின்னால் சத்தமாக இருந்தது, வாகனமா வேறு ஏதாவதா தெரியாது. அதோடு சரி. அவனிடமிருந்து எனக்கு வந்த கடைசிச் சொல் அது. உயிரோடு எங்கே இருந்தாலும் அவனுக்குத் தெரிந்த ஒரே வாசல் அந்த நம்பர்தான். இந்த வீட்டு விலாசம்கூட அவனுக்குத் தெரியாது, அவன் போன பிறகுதானே நமக்கு இந்த வீட்டைத் தந்தார்கள்.

அந்தப் போன் உனக்கு ஞாபகம் இருக்கும், சின்னக் கறுப்புப் போன், நெற்றியில் டோர்ச் வைத்தது. சுனாமி முடிந்து நிவாரண வீடு கட்டுகிற இடத்தில் சாந்து குழைத்து எடுத்த முதல் சம்பளத்தில் வாங்கி வந்தான், "இனிக் கடல் வந்தா ஆரும் ஒருத்தர் உங்களுக்குச் சொல்ல வேணுமே" என்று. அது என்ன பாடெல்லாம் பட்டது தெரியுமா, கஞ்சிப் பானைக்குள் விழுந்தது, கிணற்றுக் கட்டிலிருந்து விழுந்தது, ஒருமுறை வாவிச் சேற்றுக்குள்ளே போய்விட்டது, கழுவி கருவாட்டோடு சேர்த்து வெயிலில் போட்டேன், பின்னேரம் ஒன்றும் நடக்காதது போல் அடித்தது. அது இருக்கும்வரை எனக்குப் பயமில்லை. அதிலிருந்து நான் யாருக்கும் எடுப்பதில்லை, உனக்குக்கூட எடுத்ததில்லை, ஏனென்றால் அவன் எடுக்கிற நேரம் பார்த்து நான் வேறு யாரோடும் கதைத்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது. வருகிற அழைப்புக்குக் காசில்லை என்று சொன்னார்கள், ஆகையால் காசு ஏற்றுகிற கார்ட்டும் போடவில்லை. உன்னையும் அதற்கு எடுக்க வேண்டாமென்று சொன்னதற்கு அதுதான் காரணம், நீ அப்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் தையில் அதன் பற்றரி ஊதிவிட்டது. டவுனுக்குப் போய் வினாயகமூர்த்தியின் போன் கடையில் புதிய பற்றரி வாங்கினேன். அசல் என்றார், பளபளவென்று முத்திரை ஒட்டியிருந்தது, உத்தரவாதம் என்றார். வீட்டுக்கு வந்து சார்ஜில் போட்டுவிட்டு அரிசி களையப் போனேன், திரும்பி வந்து பார்த்தால் புகை. கஞ்சிக்கும் சேற்றுக்கும் சாகாத போன் அந்தப் போலிப் பற்றரிக்குச் செத்துவிட்டது அஜந்தா. கொண்டுபோய்க் காட்டினேன், உத்தரவாதம் பற்றரிக்குத்தான், போனுக்கு இல்லை, அதுவும் எரிந்த பற்றரிக்கு இல்லை என்றார். அப்படியானால் எந்தப் பற்றரிக்கு என்று கேட்டேன், சிரித்தார். அவரையே நம்பி வேறு ஒரு போன் வாங்கினேன், வேறு கடைக்குப் போனாலும் அதே சாமான்தானே இருக்கிறது. அது பெரிய போன், இரண்டு சிம் போடலாம், பின்னால் நாலு ஒலிபெருக்கி, ஏரியலை இழுத்தால் டீவிகூடப் பார்க்கலாமாம். சத்தம் போட்டால் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஆனால் மெல்லக் கதைத்தால் மற்றப் பக்கம் கேட்காது, மழைக்காற்று அடித்தால் அணைந்துவிடும், சித்திரை வருஷப்பிறப்புக்கு முன்னமே திரை வெள்ளையாகிப் போய்விட்டது.

திருத்தக் கொடுத்தேன். இங்கேதான் மகள் எல்லாம் கெட்டது. சிம்மைக் கழற்றித் தாருங்கள் என்றேன், உள்ளே கிடக்கட்டும் அம்மா, திருத்தின பிறகு போட்டுப் பார்க்க வேணும் என்றார். உதிரிப் பாட்ஸ் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றார். பிறகு பாட்ஸ் வந்தது, திருத்துகிற பாஸ் வரவில்லை என்றார். பாஸ் வந்த கிழமை கரண்ட் இல்லை. நான் பஸ் ஏறிப் போவதும் வெறுங்கையோடு வருவதுமாகக் கிடந்தேன். ஒருநாள் கடைக்கு முன்னால் நின்று சத்தம் போட்டுவிட்டேன், என் பிள்ளையின் உயிர் இதற்குள் கிடக்கிறது, நீங்கள் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று. அவர் பாவம் போலப் பார்த்துக்கொண்டு, "அம்மா, இப்ப வாற சாமான் எல்லாம் இப்பிடித்தான். பழுதாப்போனா எறிஞ்சிபோட்டுப் புதிசு வாங்கிற. திருத்திற காலம் போயிற்று" என்றார். வீடு வரும்வரை அந்தச் சொல் என்னை அரித்தது. எறிந்துவிட்டுப் புதிசு வாங்கலாம், எதை எறிவது? கச்சேரியில் சான்றிதழ் தருகிறேன் என்பவர்களும் அதையேதான் சொல்கிறார்கள், நீயும் அன்பாக அதையேதான் எழுதியிருக்கிறாய். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை, பட்டதைச் சொல்கிறேன்.

ஆடி அமாவாசை கழிந்துதான் போன் கைக்கு வந்தது. போட்டுப் பார்த்தேன், வெளிச்சம் வந்தது, சிக்னல் கோடுகள் வரவில்லை. அப்போதும் போன்தான் பழுது என்று நினைத்துக்கொண்டு, சீதேவியின் போனை வாங்கி என் நம்பருக்கு நானே எடுத்தேன். மணி போகிறது. என் கையில் இருக்கிற போன் பேசாமல் கிடக்கிறது, ஆனால் மணி போகிறது. பிறகு ஒரு பொம்பிளை எடுத்து, "ஹலோ, ஆரு?" என்றாள். என் பிள்ளையின் வாசலில் வேறு யாரோ வந்து நின்று, நீ யார் என்று என்னைக் கேட்கிறாள். போனை வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலையிலேயே டவுனில் போன் கம்பனிக் கந்தோருக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, குளிர் மெசின், சிரித்த முகங்களின் பெரிய படங்கள், வரிசைக்குத் துண்டு எடுக்க வேண்டும். வெகுநேரம் இருந்த பிறகு ஒரு பிள்ளை கூப்பிட்டாள், நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் கதைத்தாள். கம்பியூட்டரைப் பார்த்துவிட்டு, இது கனகாலமாகப் பாவனையில் இல்லாத இலக்கம், காசு போடவில்லை, ஓர் அழைப்புக்கூட எடுக்கவில்லை, போனும் மாதக்கணக்காக அணைந்து கிடந்திருக்கிறது, ஆகையால் வேறு வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டோம் என்றாள். பாவனையில் இல்லையாம்! தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் படுத்தேன், கிணற்றடிக்குக் கொண்டு போனேன், கோயிலுக்குக் கொண்டு போனேன். காத்திருப்பது அவர்களுடைய கணக்கில் பாவனை இல்லை. நான் லைனை யாருக்கும் விடாமல் அவனுக்கென்று காத்து வைத்ததுதான் குற்றமாய்ப் போயிற்று. சும்மா யாருக்காவது எடுத்து வம்பளந்துகொண்டு இருந்திருந்தால் நம்பர் இருந்திருக்கும். திருப்பித் தர வழி இல்லையா பிள்ளை என்று கெஞ்சினேன். அந்த இலக்கம் நிலோஜன் என்பவரின் பெயரில் பதிவாகி இருந்தது, முறைப்பாடு செய்வதென்றாலும் உரிமையாளர் அடையாள அட்டையோடு நேரில் வரவேண்டும் என்றாள். "அவன் நேர வந்தா எனக்கு இந்த நம்பர் எதுக்குப் புள்ள?" என்று கேட்டேன். அவள் ஒரு அவசர இலக்கத்தைச் சொல்லி அங்கே முறையிடச் சொன்னாள். அதற்கு எடுத்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, பிறகு பாட்டு. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள், இங்கே பூசாரியைக்கூடக் காணக் கிடைக்கவில்லை, வெறும் குரல்தான்.

கடைசியில் வெட்கத்தை விட்டு அந்தப் பொம்பிளைக்கே திரும்ப எடுத்தேன். முதலில் ஏதோ ஏமாற்றுக்காரி என்று நினைத்து வைத்துவிட்டாள். இரண்டாம் தரம் எடுத்து, மகள், நான் ஒரு தாய், வைத்துவிடாதே என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அழாதங்கம்மா, வீட்ட வந்து சொல்லுங்க" என்றாள். பெயர் நஸீறா, ஏறாவூர். உனக்குத் தெரியும், தமிழ், முஸ்லிம் கலவரக் காலத்துக்குப் பிறகு ஏறாவூரில் நான் பஸ்ஸை விட்டு இறங்கினதே கிடையாது, அவர்களும் நம் பக்கம் அப்படித்தான். அன்றைக்கு இறங்கினேன், வழி கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். நோன்பு மாதம், பின்னேர வெயில். நோன்போடு இருந்த பிள்ளை எனக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்தாள். அவள் பச்சைத் தண்ணி குடிக்காமல் இருக்க நான் எப்படிக் குடிப்பது, ஆறட்டும் என்று சொல்லி வைத்துக்கொண்டு இருந்தேன். அவளுக்கும் ஒரு பிள்ளை, மனுசன் நௌஷாட் சவூதியில் சாரதி, அவர் கதைப்பதற்காகத்தான் அந்த நம்பரை எடுத்திருக்கிறாள்.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை மகள். நம்பர் எடுத்த புதிதில் பிழையான அழைப்பு ஏதும் வந்ததா என்று கேட்டேன். அவள் முந்தானையைத் திருகினாள். பிறகு சொன்னாள், முதல் கிழமையில் ஒரு ஆம்பிளைக் குரல், "அம்மா?" என்று மட்டும் கேட்டதாம். இவள் "பிழையான நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டாளாம். திரும்பவும் மணி வந்ததாம், யாரோ தொல்லை கொடுக்கிறான் என்று எடுக்கவில்லையாம். எங்கிருந்து வந்தது, எந்த நம்பர் என்று நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் எழும்பிப் போய் ஒரு போனைக் கொண்டுவந்தாள். நான் வாங்கின அதே போன், நாலு ஒலிபெருக்கி, ஏரியல், திரை வெள்ளை. அதுவும் செத்துவிட்டது. திருத்தக் கொடுத்த இடத்தில் உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்து விட்டார்களாம், அப்படியும் வேலை செய்யவில்லையாம். இப்போது பாவிப்பது மாமியின் பழைய போன். அந்த ஆள் எடுத்த நம்பர் எங்குமே இல்லை அஜந்தா. உலகத்தில் எத்தனையோ பேர் அம்மா என்று கூப்பிடுகிறார்கள், அது அவன் என்று என்ன சாட்சி என்று நீ சொல்வாய். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். சொல்லி முடிய முன்னமே, அவனாக இருந்தால் என்று வருகிறது. அவனாக இருந்தால், எங்கேயோ யாரையோ கெஞ்சி ஒரு போனை வாங்கி, நம்பரை நினைவில் வைத்து அழுத்தி, பிழை என்று கேட்டுவிட்டு, அம்மா மாற்றிவிட்டாள் என்று நினைத்திருப்பான். அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை. அவன் இறந்துவிட்டான் என்று யாராவது வந்து சொன்னாலும் தாங்கிக்கொள்வேன் போல இருக்கிறது, அம்மா மாற்றிவிட்டாள் என்று அவன் நினைத்ததைத் தாங்க முடியவில்லை.

நான் அங்கேயே நிலத்தில் இருந்து அழுதுவிட்டேன், அந்நியர் வீடு என்றும் பார்க்கவில்லை. நஸீறா என்னைத் தூக்கி இருத்தினாள். பிறகு மாமியின் போனைக் கழற்றி அந்தச் சிம்மை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். வேண்டாம் மகள், உன் மனுசன் எடுப்பாரே என்றேன். அதற்கு அவள், "என்ட மனிசனுக்கு நான் வேற நம்பர் சொல்லிக் குடுப்பன். ஒங்கட மகனுக்கு நீங்க எங்க போய்ச் சொல்லிக் குடுக்கிற?" என்றாள். நான் அவள் தலையில் கை வைத்தேன், வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. மாதாமாதம் காசு போட வேண்டும், யாருக்காவது ஒரு தரம் எடுக்கவும் வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லி பஸ் ஏற்றிவிட்டாள். முந்தாநாள் அவர்களுக்குப் பெருநாள், சீதேவியின் போனிலிருந்து எடுத்து வாழ்த்துச் சொன்னேன்.

இப்போது சிம் என்னிடம் இருக்கிறது. முன்பு அடிக்கவே அடிக்காத போன் இப்போது விடிந்தால் பொழுதுபட்டால் அடிக்கிறது, ஒன்றும் எனக்கில்லை. நஸீறாவின் சாச்சி, நஸீறாவின் தையல் கூட்டாளி, பிள்ளையின் பாலர் பாடசாலை. நௌஷாட் முதல் நாள் பழக்கத்தில் எடுத்துவிட்டு, விஷயம் கேட்டு, "தேடுங்கம்மா, கிடைப்பான்" என்றார், அடுத்த நாளும் மறந்துபோய் எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். நல்ல மனுசர். ஆனால் ஒவ்வொரு மணிக்கும் நான் மகனே என்றுதான் எடுக்கிறேன், ஒவ்வொரு தரமும் நஸீறாவின் புதிய நம்பரைச் சொல்லிவிட்டு வைக்கிறேன். கோயிலில் பூசை நேரம் அடித்துவிட்டது, ஐயர் முறைத்தார், முறைக்கட்டும். சீதேவியின் மகன் வேண்டாமென்று போட்ட போன் ஒன்றில்தான் சிம்மைப் போட்டு வைத்திருக்கிறேன், அதன் பற்றரி மத்தியானம் வரைக்கும் நிற்காது. இந்த வீட்டில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அது அணைந்து கிடக்கும் நேரத்தில் எனக்கு மூச்சு முட்டுகிறது. அந்த நேரம் பார்த்து அவன் எடுத்தால்?

அதனால் மகள், சொக்கலேற்றும் சவுக்காரமும் அனுப்ப வேண்டாம், எனக்கு ஒரு போன் வேண்டும். தம்பி வாங்கித் தந்ததைப் போல, அடிக்கவும் கதைக்கவும் மட்டும் தெரிந்த ஒன்று. இங்கே எதை வாங்கினாலும் எனக்கு நம்பிக்கை இல்லை. அங்கே பழைய சாமான் விற்கிற இடத்திலாவது தேடு, மருமகனிடமும் சொல்லு, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு, தபாலில் போடாதே, தபாலையும் நம்ப முடியாது. மரணச் சான்றிதழுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன், அதைப்பற்றி இனி எழுதி உன்னையும் என்னையும் வருத்தாதே. குளிரில் பேத்தியை வெறுங்காலோடு நடக்க விடாதே, வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே, மருமகனோடு சின்னச் சின்ன விஷயத்துக்குச் சண்டை பிடிக்காதே. நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு, நினைத்ததெல்லாம் கைகூடி, ஒருவரை ஒருவர் கண்ணால் கண்டுகொண்டே வாழ வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் அதுதான்.

கடைக்காரன் கமராவைக் காட்டுவான், பாட்டுப் போட்டுக் காட்டுவான், அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்காதே. எத்தனை வருஷம் நின்றுபிடிக்கும் என்று மட்டும் கேள். நான் நின்றுபிடிப்பேன், அதுவும் என்னோடு நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடி இருக்கும் அம்மா,
நல்லரத்தினம் கண்ணகை